நுரையீரலின் குற்றமன்று

சென்னைக் கடற்கரையிலிருந்து தெற்கே செல்லும் மின்சார ரயில் குரோம்பேட்டையைக் கடந்ததும் அடுத்து நிற்கும் நிலையத்தின் பெயர்ப்பலகையில் 'தாம்பரம் சானடோரியம்' என்று எழுதியிருக்கும். ஒரு மருத்துவமனையின் பெயர் ரயில் நிலையத்தின் பெயராகவே நிலைத்துவிட்டது. இன்று அங்கே ஏறி இறங்கும் இளைஞர்களுக்கு அது ஒரு நிறுத்தத்தின் பெயர், அவ்வளவே. எழுபது வயதைக் கடந்தவர்களுக்கோ அந்தச் சொல் காதில் விழுந்ததும் பழைய அச்சமொன்று நெஞ்சில் நிழலாடும். 'சானடோரியத்தில் சேர்த்திருக்கிறார்கள்' என்று ஒரு வீட்டைப் பற்றிச் சொல்லிவிட்டால், அந்த வீட்டுப் பெண்ணுக்கு வரன் வராத காலம் ஒன்று இருந்தது.

அந்த நிலையத்தை நிறுவியவர் டாக்டர் டேவிட் சௌரிமுத்து. இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுப் பகுதியில் காசநோயாளர்க்கென ஒரு சானடோரியம் நடத்திப் புகழ்பெற்றவர். தூய காற்று, வெயில், ஓய்வு, நல்லுணவு ஆகிய நான்கைத் தவிர அந்நாளில் காசத்துக்கு வேறு மருந்தில்லை. கணிதமேதை இராமானுஜன் 1917-ஆம் ஆண்டு நோயுற்றபோது சில காலம் அந்த மெண்டிப் சானடோரியத்தில்தான் இருந்தார். தாயகம் திரும்பிய சௌரிமுத்து, பச்சைமலையின் அடிவாரத்தில் காடும் வெளியுமாய்க் கிடந்த தாம்பரத்தைத் தேர்ந்து 1928-இல் தம் சானடோரியத்தைத் திறந்தார். மூன்றாண்டு கழித்து, 1931-இல், கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937-இல் அரசு அந்த நிலையத்தைத் தன் பொறுப்பில் ஏற்றது. பின்னர் அது நெஞ்சக நோய் மருத்துவமனையாக வளர்ந்தது. தமிழ்நாட்டின் எந்த மூலையில் ஒருவர் இருமி இரத்தம் துப்பினாலும் உறவினர் வாயில் முதலில் வரும் ஊர்ப்பெயர் தாம்பரம் என்றாயிற்று.

இராமானுஜனைப் பற்றி இங்கே ஒரு சொல். அவருக்கு வந்தது காசம் என்றே பல ஆண்டுகள் எல்லோரும் எழுதினர். 1994-இல் யங் என்னும் ஆய்வாளர் பழைய குறிப்புகளையெல்லாம் ஆராய்ந்து, அது கல்லீரலைப் பற்றிய அமீபா நோயாகவே இருந்திருக்கக்கூடும் என்று வாதிட்டார். அவ்வாறாயின், குணப்படுத்தக்கூடிய ஒரு நோய் காசம் என்ற பெயருக்குள் மறைந்து போயிற்று என்றாகும். காசம் என்ற பெயர் அந்நாளில் அத்தனை பெரிய போர்வை. அதற்குள் எத்தனையோ நோய்கள் ஒளிந்துகொண்டன. அவ்வாறு ஒளிந்தவற்றுள் ஒன்றின் வரலாற்றைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். மூச்சு இரைக்கும், இருமல் வரும், சளியில் இரத்தம் தெறிக்கும், உடல் இளைக்கும். ஆனால் குற்றம் நுரையீரலில் இல்லை. குற்றவாளி இதயத்தின் இடப்பக்கத்தில் இருக்கிறான்.

இதை நான் ஏட்டில் படித்து அறிவதற்கு முன் வீட்டில் கண்டேன். 1960-களின் நடுவில் எங்கள் குடும்பம் பல்லாவரத்தில் குடியிருந்தது. வாப்பா பெரியமேட்டுத் தோல் மண்டி ஒன்றில் கணக்கெழுதி வந்தார்கள். உம்மாவின் தங்கை, எங்கள் சாச்சி, இரண்டாவது பிள்ளையைச் சுமந்த ஏழாம் மாதத்தில் மூச்சுவாங்கத் தொடங்கினார். படுத்தால் மூச்சு முட்டும். எழுந்து உட்கார்ந்தால் சற்றே தணியும். ஒருநாள் விடியலில் இருமியபோது முந்தானையில் இரத்தம். பார்த்த மருத்துவர் ஒருவர் 'சயரோகம்' என்று சொல்லிவிட்டார். சளியை மூன்று முறை சோதித்தும் கிருமி தென்படவில்லை. ஆயினும் ஊசி தொடர்ந்தது. அதைவிடக் கொடியது வேறொன்று. எங்கள் வீட்டில் பெண்கள் ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து உண்பது வழக்கம். சாச்சிக்கு அன்றுமுதல் தனிப் பீங்கான், தனிக் குவளை, பின்கட்டில் தனியிடம் என்றாகிவிட்டது. பிறந்த பிள்ளையையும் அவரிடம் அதிகம் தரவில்லை. எட்டு மாதம் இப்படிக் கழிந்தது.

பிறகு வேறொரு முதிய மருத்துவரிடம் காட்டினார்கள். அவர் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, சாச்சியை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, மார்பின் கீழ் ஓரத்தில் வைத்து நெடுநேரம் செவிமடுத்தார். 'நெஞ்சுக்கூட்டில் பூனை உறுமுவதுபோல் ஓர் ஒலி இருக்கிறதம்மா. உனக்கு நுரையீரலில் நோயில்லை, இதயத்தின் கதவு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது' என்றார். சிறுவயதில் மூட்டுகள் வீங்கிக் காய்ச்சல் வந்ததுண்டா என்று கேட்டார். வந்தது, பத்து வயதில். வீட்டில் எல்லோரும் அதை மறந்தே போயிருந்தோம்.

அவர் கேட்டறிந்த அந்த ஒலியின் பின்னால் ஏழு நூற்றாண்டுக் கதை இருக்கிறது.

நுரையீரலுக்கும் இதயத்துக்கும் இடையேயுள்ள வழியை முதன்முதல் சரியாக எழுதி வைத்தவர் இப்னு நஃபீஸ். அலாவுத்தீன் அலீ அல்-கர்ஷீ என்னும் இப்பேரறிஞர் திமிஷ்கிலே கல்வி கற்று, கெய்ரோவிலே மருத்துவராக வாழ்ந்து, ஹிஜ்ரி 687-இல், அதாவது கி.பி. 1288-இல் மறைந்தவர். மருத்துவரேயன்றி ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட அறிஞருமாவார். மதரஸாவில் ஃபிக்ஹும் போதித்தார். தம் வீட்டையும் நூலகத்தையும் கெய்ரோவின் மன்சூரி மருத்துவமனைக்கே எழுதி வைத்தார். 1242-இல், முப்பது வயதை எட்டும் முன்னரே, இப்னு சீனாவின் 'கானூன்' நூலிலுள்ள உடற்கூறு பகுதிக்கு அவர் ஓர் உரை எழுதினார். 'ஷர்ஹு தஷ்ரீஹில் கானூன்' என்பது அதன் பெயர்.

அதுவரை மருத்துவ உலகம் கிரேக்க அறிஞர் கேலனின் சொல்லைக் கட்டளையாகக் கொண்டிருந்தது. இதயத்தின் வலக் கீழறைக்கும் இடக் கீழறைக்கும் நடுவிலுள்ள சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டென்றும், அவ்வழியே இரத்தம் வலமிருந்து இடம் கசிந்து செல்கிறதென்றும் கேலன் கூறியிருந்தார். இப்னு சீனாவும் அதையே ஏற்றார். இப்னு நஃபீஸ் மறுத்தார். அந்தச் சுவர் தடித்தது; அதில் புலப்படும் துளையும் இல்லை, புலப்படாத துளையும் இல்லை என்றார். வலப்பக்க இரத்தம் நுரையீரலுக்குச் சென்று, அங்கே காற்றுடன் கலந்து, மற்றொரு நாளத்தின் வழியே இதயத்தின் இடப்பக்கத்துக்கு வந்து சேர்கிறது என்று எழுதினார். நுரையீரலில் அவ்விரு நாளங்களுக்கும் இடையே வழிகள் இருக்கவேண்டும் என்பதையும் சொல்லி வைத்தார். அந்த நுண்ணிய வழிகளை, அதாவது இன்று நாம் தந்துகிகள் என்பவற்றை, 1661-இல் இத்தாலியின் மல்பீஜி தவளையின் நுரையீரலில் நுண்ணோக்கி கொண்டு கண்டார்.

ஆறு நூற்றாண்டுகளுக்கு மேலாக அந்த உரை பெரிதும் கவனிப்பாரற்றுக் கிடந்தது. ஜெர்மனியில் மருத்துவம் பயின்ற முஹியித்தீன் தத்தாவி என்ற எகிப்திய மாணவர் பெர்லின் நூலகத்துக் கையெழுத்துப் பிரதியில் இதைக் கண்டு, 1924-இல் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் தம் ஆய்வேடாக அளித்தார். கெய்ரோவில் வாழ்ந்த மாக்ஸ் மேயர்ஹோஃப் என்ற அறிஞர் பிற்பாடு அதை உலகறியச் செய்தார்.

நம் ஏடுகளில் இப்னு நஃபீஸைப் பற்றி எழுதுவோர் அடுத்த வரியிலேயே ஆங்கில அறிஞர் ஹார்வியைத் தாழ்த்தி எழுதும் வழக்கம் ஒன்றுண்டு. அது தேவையில்லை. 1628-இல் ஹார்வி செய்தது வேறு வேலை. இரத்தம் உடல் முழுதும் சுற்றி வருகிறது என்பதை அளந்து, கணக்கிட்டு, மெய்ப்பித்தார். இப்னு நஃபீஸ் காட்டியது அச்சுற்றின் ஒரு பாதி. ஆனால் நம் பொருளுக்கு வேண்டியது அந்தப் பாதிதான். நுரையீரலிலிருந்து புறப்படும் இரத்தம் அனைத்தும் இதயத்தின் இடப்பக்கத்தில்தான் போய் விழவேண்டும் என்ற உண்மை தெரிந்தால்தான், இடப்பக்கம் அடைபட்டால் நுரையீரலுக்கு என்ன நேரும் என்ற கேள்வியே எழும்.

என்ன நேரும்? தாம்பரத்தாருக்கு இதை விளக்குவது எளிது. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை அவர்கள் கண்டவர்கள். முதல் மாடிவரை நீர் நின்ற தெருக்களில் படகு ஓடியது. மழை முடிச்சூரில் மட்டுமா பெய்தது? இல்லை. கீழே அடையாறு தன் நீரைக் கொண்டுசெல்லும் அகலத்தை இழந்திருந்தது. போகவேண்டிய வெள்ளம் போகாமல் பின்னே ஏறி நின்றது. ஊரின் வீடுகளைப் பழுதுபார்ப்பதால் அந்த வெள்ளம் வடியாது. ஆற்றின் வாயைத் திறக்கவேண்டும்.

இதயத்தின் இட மேலறைக்கும் இடக் கீழறைக்கும் நடுவே ஈரிதழ் வால்வு என்றொரு கதவு உண்டு; மருத்துவர்கள் மிட்ரல் வால்வு என்பர். நலமுள்ள பெரியவர் ஒருவருக்கு அது நான்கு முதல் ஆறு சதுர சென்டிமீட்டர் அளவு திறக்கும். இதழ்கள் தடித்து ஒட்டி, அத்திறப்பு ஒன்றரைச் சதுர சென்டிமீட்டருக்கும் கீழே குறுகினால் துன்பம் கடுமையாகிறது. மேலறையில் இரத்தம் தேங்குகிறது, அங்கிருந்து பின்னோக்கி நுரையீரல் சிரைகளில் அழுத்தம் ஏறுகிறது, தந்துகிகளில் ஏறுகிறது. அவ்வழுத்தம் ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் பாதரச அளவைத் தாண்டினால் இரத்தத்தின் நீர்ப்பகுதி காற்றறைகளுக்குள் கசியத் தொடங்கும். அதுதான் மூச்சுமுட்டல். படுத்தால் காலிலும் வயிற்றிலும் தங்கிய இரத்தமும் நெஞ்சை நோக்கி வருவதால் அது கூடுகிறது. எழுந்து உட்கார்ந்தால் தணிகிறது. அழுத்தம் தாளாமல் மூச்சுக்குழாயின் சிறு சிரைகள் வெடித்தால் சளியில் இரத்தம். சாச்சியின் முந்தானையில் கண்டது அதுவே.

கதை அங்கே முடிவதில்லை. தேக்கம் ஆண்டுக்கணக்கில் நீடித்தால் நுரையீரல் தமனிகள் தாமே இறுகிச் சுவர் தடிக்கின்றன. இப்போது அழுத்தம் தமனிகளிலும் ஏறுகிறது. இதயத்தின் வலப்பக்கமோ மென்மையானது. தாழ்ந்த அழுத்தத்தில் உழைக்கப் படைக்கப்பட்டது. அது பெருத்து, களைத்து, இறுதியில் தோற்கிறது. கால் வீங்குகிறது, கல்லீரல் புடைக்கிறது, வயிற்றில் நீர் கோக்கிறது. 'இடப்பக்க இதயநோயால் விளையும் நுரையீரல் தமனி உயர் அழுத்தம்' என்று இன்றைய மருத்துவம் நீட்டிச் சொல்வது இதைத்தான். பெயரிலேயே வழக்கின் தீர்ப்பு அடங்கியிருக்கிறது: அழுத்தம் நுரையீரலில், காரணம் இடப்பக்க இதயத்தில்.

ஐரோப்பாவில் இது மெல்ல மெல்லத் தெளிந்தது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரெஞ்சு மருத்துவர் வியூசான் இறந்தோர் உடலில் குறுகிய வால்வையும் புடைத்த நுரையீரலையும் சேர்த்துக் கண்டு எழுதினார். 1816-இல் லேனெக் ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்தார். பத்தாண்டு கழித்து அவரே காசத்துக்குப் பலியானார். ஒலியைக் கேட்கக் கற்றும் கதவைத் திறக்க எவருக்கும் துணிவில்லை. 1902-இல் இலண்டனின் லாடர் பிரண்டன், ஒட்டிய வால்வை அறுத்துத் திறக்கலாமே என்று ஒரு சிறு குறிப்பு எழுதியதற்கே கண்டனங்கள் எழுந்தன. 1923-இல் பாஸ்டன் நகரில் கட்லர் ஒரு சிறுமிக்கு அதைச் செய்தார். அவள் நான்காண்டுகளுக்கு மேல் வாழ்ந்தாள். 1925-இல் இலண்டனில் சௌட்டார் ஓர் இளம்பெண்ணின் இதயத்துக்குள் தம் விரலையே நுழைத்து வால்வைத் தொட்டு விரித்தார். அவள் தேறினாள். எனினும், அதன்பின் அவரிடம் ஒரு நோயாளியைக்கூட மற்ற மருத்துவர்கள் அனுப்பவில்லை! இதயத்தைத் தொடுவது தகாது என்ற எண்ணம் அவ்வளவு வேரூன்றியிருந்தது. இருபத்து மூன்று ஆண்டுகள் வீணே போயின. அந்த இடைவெளியில் இறந்தவர்களை யார் எண்ணினார்கள்? 1948 ஜூன் மாதத்தில் பிலடெல்பியாவில் பெய்லியும் பாஸ்டனில் ஹார்க்கெனும், அதே ஆண்டு செப்டம்பரில் இலண்டனில் பிராக்கும் அறுவையை வெற்றியுடன் செய்து காட்டிய பிறகே கதவு திறந்தது.

மற்றொரு பக்கம், அழுத்தத்தை அளக்கும் கலை வளர்ந்து வந்தது. 1929-இல் ஜெர்மனியின் சிறுநகர் ஒன்றில் ஃபோர்ஸ்மன் என்ற இளம் மருத்துவர் தம் கைச் சிரைக்குள் தாமே ஒரு மெல்லிய குழாயைச் செலுத்தி, எக்ஸ்ரே அறைவரை நடந்து சென்று, அதன் முனை இதயத்துக்குள் இருப்பதைப் படமெடுத்துக் காட்டினார். பாராட்டுக்குப் பதில் ஏச்சுதான் கிடைத்தது. நியூயார்க்கில் கூர்னாண்டும் ரிச்சர்ட்ஸும் அந்தக் குழாயை நோயறியும் கருவியாக்கினர். மூவரும் 1956-இல் நோபல் பரிசைப் பகிர்ந்தனர். அந்தக் குழாயை நுரையீரல் தமனியின் கடைக்கோடி கிளையில் செருகி நிறுத்தினால், அதற்கப்பால் உள்ள தந்துகிகளையும் சிரைகளையும் தாண்டி, இட மேலறையின் அழுத்தமே அதன் முனையில் தெரியும் என்று 1940-களின் இறுதியில் டெக்ஸ்டர் குழுவினர் காட்டினர். மதகின் இப்பால் நின்றுகொண்டே அப்பால் நீர் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று அளப்பது போன்ற உத்தி அது. நோய் நுரையீரலின் குற்றமா, இடப்பக்க இதயத்தின் குற்றமா என்ற வழக்கில் இன்றும் கடைசிச் சாட்சி அந்த அளவுதான். அது 15 மில்லிமீட்டருக்கு மேல் நின்றால் பழி இடப்பக்கத்தின் மேல் விழும். இலண்டனின் பால் வுட் 1950-களில் இவ்வளவுகளையெல்லாம் தொகுத்து, தேக்கத்தோடு தமனிகளின் இறுக்கமும் சேர்ந்துகொள்கிறது என்று விளக்கினார். அதில் நற்செய்தி ஒன்றும் இருந்தது: வால்வைத் திறந்துவிட்டால் பலருக்கு அந்த இறுக்கமும் தளர்கிறது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மேனாட்டில் இந்த வால்வுக் குறுக்கம் முப்பது, நாற்பது வயதில் தலைகாட்டும் நோய். இங்கே அப்படியில்லை. 1963-இல் டில்லி மருத்துவர் சுஜய் ராய், பாட்டியா, லாசரோ, இராமலிங்கசுவாமி ஆகியோர் 'லான்செட்' ஏட்டில் எழுதிய கட்டுரை உலக மருத்துவர்களைத் திகைக்க வைத்தது. இந்தியாவில் இருபது வயதுக்கும் குறைந்த சிறுவர் சிறுமியர்க்கே வால்வு முற்றாகக் குறுகி, நுரையீரல் அழுத்தம் கடுமையாக ஏறி நிற்கிறது என்பதை அவர்கள் காட்டினர். காரணம் தொண்டையில் தொடங்குகிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமியால் பிள்ளைக்குத் தொண்டை வலி. சில வாரங்களில் மூட்டு வீக்கமும் காய்ச்சலும். கிருமியை எதிர்க்கத் திரண்ட உடலின் படை ஆள்மாறாட்டத்தில் இதயத்தின் வால்வையே தாக்கிவிடுகிறது. நெரிசலான வீடு, ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் உறக்கம், வறுமை ஆகியவற்றில் அக்கிருமி தாவித் தாவிப் பரவுகிறது. ஒருமுறை தாக்குண்ட வால்வு மீண்டும் மீண்டும் தாக்கப்படுகிறது. இந்நோய் மூட்டை நக்கி இதயத்தைக் கடிக்கும் என்று மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லித் தருவது மரபு.

வால்வுக் குறுக்கம் ஆண்களைவிடப் பெண்களையே அதிகம் பிடிக்கிறது. கருவுற்ற பெண்ணின் உடலில் இரத்தத்தின் அளவு பாதியளவுகூடப் பெருகும். அதுவரை சமாளித்து வந்த குறுகிய வால்வு அப்போது திணறும். ஆகவேதான் எத்தனையோ பெண்களுக்கு இந்நோய் தலைப்பிரசவத்திலோ இரண்டாம் பிரசவத்திலோ வெளிப்பட்டது. 'பிள்ளை பெற்ற உடம்பு, இளைப்பு' என்று ஒரு சாரார். 'சயம்' என்று மறுசாரார். இரண்டு பெயருமே அவளைப் பின்கட்டுக்கு அனுப்பின.

சென்னை சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய காசநோய் ஆய்வு நிலையம், மருந்தை ஒழுங்காக உண்டால் காசநோயாளர் வீட்டிலிருந்தே குணமடையலாம், சானடோரியம் கட்டாயமில்லை என்று 1959-இல் உலகுக்கு எடுத்துக்காட்டியது. அந்தச் செய்தி நம் வீடுகளின் பின்கட்டுவரை வந்துசேர நெடுநாளாயிற்று என்பதை இங்கே வருத்தத்துடன் குறிக்கவேண்டும். சாச்சிக்குக் காசமே இருந்திருந்தாலும் அந்தத் தனிமை அத்தனை மாதம் தேவைப்பட்டிராது.

வால்வைத் திறக்கும் கலை தமிழகத்துக்கு வந்த வழி வேலூர் வழி. அமெரிக்க அறுவை மருத்துவர் ரீவ் பெட்ஸ் 1948-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, நெஞ்சறுவைத் துறையை நிறுவிப் பல இந்திய மருத்துவர்களைப் பழக்கினார். அங்கே இதயநோய்த் துறையை வளர்த்தவர் டாக்டர் கமலா வைத்திலிங்கம். இதயத்தை நிறுத்தாமல், துடித்துக்கொண்டிருக்கும்போதே, இட மேலறையின் காதுமடல் போன்ற பகுதி வழியே விரலையோ விரிப்பானையோ நுழைத்து ஒட்டிய இதழ்களைப் பிரிப்பது அந்த அறுவை. இதயத்துக்கு மாற்றாக இயங்கும் விலையுயர்ந்த பொறி எதுவும் வேண்டியதில்லை. ஏழை நாட்டுக்கென்றே வகுத்ததுபோல் அமைந்த முறை! வேலூரின் ஸ்டான்லி ஜான் குழுவினர் 1983-இல் அமெரிக்க இதயநோய் ஏடான 'சர்குலேஷ'னில் தம் அனுபவத்தை வெளியிட்டபோது, வரிசையாக 3,724 நோயாளிகளின் கணக்கைத் தந்தார்கள். ஒரே மருத்துவமனையில் மூவாயிரத்து எழுநூறு பேர்! பெய்லியும் ஹார்க்கெனும் தொடங்கிவைத்ததைப் பெருந்திரளான மக்களுக்குக் கொண்டுசேர்த்தது வேலூர்.

சாச்சியும் அவ்வழியே ரயிலேறினார். அந்த முதியவர் எழுதித் தந்த கடிதத்தைச் சாச்சா சட்டைப்பையில் பத்திரமாக வைத்திருந்தது என் நினைவில் இருக்கிறது.

1984-இல் ஜப்பானின் இனோவே மற்றொரு வழியை வெளியிட்டார். தொடைச் சிரையின் வழியே சுருங்கிய பலூன் ஒன்றை இதயத்துக்குக் கொண்டுசென்று, வால்வின் நடுவில் நிறுத்தி ஊதினால் இதழ்கள் பிரிந்துவிடும். மார்பைத் திறக்கவே வேண்டாம். சென்னையின் அரசு மருத்துவமனைகள் வரை இம்முறை வந்து பரவிற்று. கருவுற்ற தாய்மார்க்கும் தேவைப்பட்டால் இதைச் செய்கிறார்கள்.

இவ்வளவோடு வரலாறு முடிந்திருந்தால் மகிழ்ந்து பேனாவை வைத்துவிடலாம். முடியவில்லை, நோய் உடை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது.

நுரையீரல் உயர் அழுத்தத்துக்கென்று உலக மருத்துவர்கள் முதன்முதல் கூடியது 1973-இல் ஜெனீவாவில். பசியடக்கும் மாத்திரை ஒன்றை உண்ட பலருக்கு நுரையீரல் தமனிகள் கெட்டதே அக்கூட்டத்துக்குக் காரணம். 1998-இல் பிரான்சின் எவியான் நகரில் கூடியபோது, இடப்பக்க இதயத்தால் வருவதைத் தனியொரு பிரிவாக வகுத்தனர். உலகெங்கும் எண்ணிக்கையில் முதலிடம் அப்பிரிவுக்கே. தமனியின் சராசரி அழுத்தம் 25 மில்லிமீட்டரை எட்டினால் நோய் என்றிருந்த பழைய வரம்பையும், 2018-இல் நீஸ் நகரக் கூட்டத்தில் 20-க்கு மேல் என்று தாழ்த்தினார்கள். நலமுள்ளவர்க்கு அது ஏறத்தாழ 14 தான்.

இன்று இப்பிரிவில் வந்து சேருவோர் பெரும்பாலும் மூட்டுக்காய்ச்சல் கண்ட ஏழைச் சிறுமியர் அல்லர். இருபதாண்டு இரத்த அழுத்தமும் சர்க்கரையும் உடற்பருமனும் உள்ள முதியோர். இவர்களுக்கு வால்வு நன்றாகவே திறக்கும். இடக் கீழறைதான் தடித்து விறைத்து, இரத்தத்தை ஏற்க விரிய மறுக்கிறது. கதவு திறந்திருந்தும் அறை இடந்தரவில்லை. பின்னே தேக்கம் அதேதான், மூச்சிரைப்பும் அதேதான். எக்கோ படத்தில் இதயம் சுருங்கும் ஆற்றல் சரியாக இருப்பதைக் கண்டு, 'இதயத்துக்கு ஒன்றுமில்லை' என்று வீட்டார் ஆறுதலடைந்துவிடுகின்றனர். தாம்பரம் நிலையத்து மேம்பாலப் படிகளில் பாதியில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சுவாங்கும் மூதாட்டியரை நாள்தோறும் பார்க்கிறேன். 'ஆஸ்துமா' என்பார்கள், 'வயசாச்சு' என்பார்கள், நெஞ்சில் இழுக்கும் மருந்துக்குழல் ஒன்று கைப்பையில் இருக்கும். சிலருக்கு அது உண்மையே. சிலருக்கு, அன்று சயம் என்று சொன்னதுபோல் இன்று ஆஸ்துமா என்கிறோம்.

இதில் ஓர் ஆபத்தும் புகுந்திருக்கிறது. நுரையீரல் தமனிகள் தாமே கெடும் அரிய நோய் ஒன்று தனியே உண்டு. அதற்குத் தமனிகளைத் தளர்த்தும் மாத்திரைகள் இருக்கின்றன. சில்டனாஃபில் அவற்றுள் ஒன்று. பெயர் ஒன்றுதானே என்று இடப்பக்க நோயாளர்க்கும் அதைக் கொடுத்தால் பயனில்லை, தீங்கும் நேரலாம். மதகு மூடியிருக்கையில் மேலிருந்து வரும் வாய்க்காலை மட்டும் அகலப்படுத்தினால் என்னாகும்? 2018-இல் வெளியான ஸ்பெயின் நாட்டு ஆய்வொன்று, வால்வைச் சரிசெய்த பின்னும் அழுத்தம் குறையாதவர்களுக்கு அம்மாத்திரையைத் தந்து பார்த்தது. மாத்திரை உண்டோர் உண்ணாதோரைவிட மோசமான நிலையை அடைந்தனர். செய்யவேண்டியது இடப்பக்கத்துக்கு வைத்தியம்: வால்வு குறுகியிருந்தால் அதைத் திறத்தல், தேங்கிய நீரை மாத்திரையால் பிரித்தல், இரத்த அழுத்தத்தை அடக்குதல், உப்பைக் குறைத்தல், எடையைக் குறைத்தல். சர்க்கரை நோய்க்கென வந்த எம்பாகிளிஃப்ளோசின் என்ற மருந்து, விறைத்த இதயமுள்ளோர் மூச்சுமுட்டலோடு மருத்துவமனைக்கு ஓடுவதைக் குறைக்கிறது என்று 2021-இல் தெரியவந்தது. சர்க்கரை இல்லாதவர்க்கும் அப்பயன் உண்டு.

மூட்டுக்காய்ச்சலும் முற்றாக ஒழிந்துவிடவில்லை. பிள்ளைக்குத் தொண்டை வலித்துக் காய்ச்சல் அடித்து, பின் மூட்டுக்கு மூட்டு வீக்கம் தாவினால், அதை 'வளரும் வலி' என்று விட்டுவிடலாகாது. ஒருமுறை வந்த பிள்ளைக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டுவந்தால் வால்வு மேலும் கெடாமல் காக்கலாம். வால்வு ஏற்கெனவே கெட்டவர்கள் நாற்பது வயது வரையேனும், சில வேளை வாழ்நாள் முழுதும், அதைத் தொடரவேண்டியிருக்கும். விலை மிகக் குறைந்த மருந்து. விடாமல் போட்டுக்கொள்வதில்தான் நம்மவர் தளர்ந்துவிடுகிறார்கள்.

சாச்சி தளரவில்லை. வேலூரிலிருந்து திரும்பியதுமுதல் இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை அந்த வலிக்கும் ஊசியைப் போட்டுக்கொண்டார். சுவர் நாள்காட்டியில் அந்தத் தேதிகளைச் சுற்றி அவர் பென்சிலால் வட்டமிட்டு வைப்பதைப் பார்த்து நாங்கள் சிறுவர்கள் சிரிப்போம். பதினேழு ஆண்டு கழித்து வால்வு மீண்டும் குறுகி, மறுபடியும் திறக்கவேண்டி வந்தது. அதையும் கடந்தார். அவர் முதன்முறை ஊர் திரும்பியது ஒரு நோன்பு மாதத்தின் பிற்பகுதியில். பெருநாளன்று பகல் சஹனை விரித்தபோது, பழக்கதோஷத்தால் அவர் தம் தனிப் பீங்கானை எடுத்துக்கொண்டு பின்கட்டை நோக்கி நடந்தார். நன்னி எழுந்துபோய் அதை அவர் கையிலிருந்து வாங்கிக் கொடிமுல்லைப் பந்தலடியில் வைத்துவிட்டு, கையைப் பிடித்து அழைத்து வந்து தம் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அந்தப் பீங்கானில் பிறகு நெடுநாள் கோழிகளுக்குத் தண்ணீர் வைத்தோம்.